உக்கிய மரமும் பைபர் படகும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசல்ரீ, மவுஸ்ஸாகலை, கிரகரி வாவி, மேல் கொத்மலை. இந்த நீர்நிலைகளின் கரைகளிலும் அவற்றை அடுத்த வீட்டு முற்றங்களிலும் தறப்பாள் போர்த்திக் கிடக்கும் பழைய பைபர் மோட்டார் படகுகளைப் பற்றி வரும் கேள்விகளே இங்கே உள்ளவை. பெரும்பாலும் 12 முதல் 18 அடி வரை நீளமுள்ள, பின்னால் என்ஜின் தொங்கும் படகுகள். சில நீர்கொழும்புப் பக்கம் கைமாறி லொறியில் மலையேறியவை. சில, தோட்டத்துப் பங்களாக்கள் விடுதிகளாக மாறிய காலத்தில் ஆசையோடு வாங்கப்பட்டுப் பின்னர் மறக்கப்பட்டவை.

பைபர் படகுதானே? அதில் உக்குவதற்கு மரம் எங்கே இருக்கிறது?

கண்ணுக்குத் தெரியாத இடங்களில் எல்லாம் இருக்கிறது. முதலாவது, என்ஜினைத் தாங்கும் பின்பலகை. பட்டறைகளில் ட்ரான்சம் என்பார்கள். வெளியே பைபர், உள்ளே பைபர், நடுவில் ஒன்றரை அங்குலத் தடிப்பில் பிளைவுட். இரண்டாவது, படகின் அடியில் முன்னிருந்து பின்னாக ஓடும் நெடுங்கட்டைகள். மூன்றாவது, அவற்றின் மேல் கிடக்கும் தரைப்பலகை. இருக்கைகளின் அடித்தளமும் பல படகுகளில் மரம்தான்.

பைபர் உக்குவதில்லை. ஐம்பது வயதுப் படகின் ஓடு இன்றும் திடமாக இருப்பதைப் பார்க்கலாம். ஆனால் மெல்லிய பைபர் ஓடு தனியாக நின்றால் வளையும். அதை விறைப்பாகப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் மரமும், மரத்தைச் சுற்றி ஒட்டிய பைபரும் சேர்ந்த கட்டுத்தான். மரம் போனால் படகு உடனே மூழ்காது; ஆனால் ஒருநாள் வேகமாக ஓடும்போது என்ஜின் பின்பலகையோடு பிய்ந்து போகும்.

கடலில் இருபது வருடம் ஓடியபோது ஒன்றும் ஆகாத படகு, மலைக்கு வந்த சில வருடங்களில் உக்கிவிட்டதே. ஏன்?

மரத்தைத் தின்பது பூஞ்சை. அதற்கு வேண்டியவை ஈரமும் காற்றும் மிதமான வெப்பமும். உப்பு அதற்குப் பிடிக்காது. கடல்நீரில் ஊறிய மரம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மழைநீரில் ஊறிய மரத்துக்கு அந்தக் காப்பு இல்லை. உண்மையில் படகைக் கொல்வது படகுக்கு வெளியே உள்ள ஏரி அல்ல, படகுக்குள் தேங்கும் மழை.

மலையகத்தில் அந்த மழைக்குக் குறைவா? வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. மழை விட்டாலும் மூடுபனி விடுவதில்லை. தறப்பாளை இறுக்கிக் கட்டி, காற்றுப் போக வழியில்லாமல் மூடி வைத்தால் உள்ளே எந்நேரமும் வியர்த்துக்கொண்டே இருக்கும். படகைப் பத்திரமாக மூடி வைத்தேன் என்று சொல்கிறவர்களின் படகுகளில்தான் மிக மோசமான உக்கலைக் காணலாம்.

வாங்குவதற்கு முன் உக்கலைக் கண்டுபிடிப்பது எப்படி?

விற்கிறவர் புதுச் சாயம் பூசியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. சாயம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையைத்தான் செய்கிறது.

ஒரு சிறிய சுத்தியலின் பிடியால் பின்பலகையை மேலிருந்து கீழாக, விரற்கடை இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் "டக் டக்" என்று கூர்மையாகப் பதில் சொல்லும். உக்கிய இடத்தில் ஓசை "பொத்" என்று விழும். அந்த மாற்றம் எங்கே தொடங்குகிறது என்று பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தண்ணீர் வடியும் துளையைச் சுற்றியும், என்ஜின் போல்ட்டுகளுக்குக் கீழேயும் கோடு வட்டமாக வளையும்.

பிறகு என்ஜினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டுங்கள். பின்பலகையும் சேர்ந்து அசைந்தால் மேற்கொண்டு சோதிக்கத் தேவையில்லை. தரையில் ஏறி நின்று குதிகாலால் அழுத்துங்கள். மெத்தைபோல் அமுங்கினால் தரைப்பலகை போய்விட்டது, அதன் அடியில் உள்ள நெடுங்கட்டைகளும் பெரும்பாலும் போயிருக்கும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால், உரிமையாளர் சம்மதித்தால், பின்பலகையின் உட்பக்கத்தில் கீழ்ப்பகுதியில் 5 மில்லிமீற்றர் துளை ஒன்று போடுங்கள். வெளிறிய மஞ்சள் நிறத்தில் காய்ந்த சீவல் வந்தால் நல்லது. ஈரப் புகையிலைத் தூள் மாதிரிக் கறுப்பாக வந்து, குழைந்த மண்வாடை அடித்தால் விலையைப் பேச உங்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. சில படகுகளில் அந்தத் துளையிலிருந்து தண்ணீரே ஓடும். சோதனைத் துளையை அன்றே அடைத்துவிடுங்கள்.

உக்கிய மரத்துக்குள் ரெசினை ஊற்றி இறுக்கிவிடலாம் என்கிறார்களே?

ரெசின் என்பது பைபர் இழைகளை ஒட்டி இறுகும் திரவப் பிசின். ஈர மரத்துக்குள் அது இறங்காது. இறங்கினாலும் உக்கிய நாருக்கு வலு வராது. ஜன்னல் சட்டத்துக்குச் செய்யுங்கள், என்ஜின் தொங்கும் பலகைக்குச் செய்யாதீர்கள்.

எப்போது "வேண்டாம்" என்று விட்டுவிட வேண்டும்?

மரம் முழுவதும் போயிருந்தாலும் பைபர் ஓடு நேராக, வெடிப்பில்லாமல் இருந்தால் படகைக் காப்பாற்றலாம். ஓடே முறுக்கிப் போயிருந்தால், அல்லது அடிப்பாகம் நெடுகப் பிளந்திருந்தால் விட்டுவிடுங்கள். என்ஜின் வேலை செய்யும் என்ற ஒரே காரணத்துக்காகப் படகைத் திருத்தப் புறப்படுவதும் வீண். என்ஜினைக் கழற்றி நல்ல ஓட்டில் மாட்டிவிடலாம்.

கூலியைவிடப் பொருட்செலவு அதிகம் என்பதையும் கணக்கில் எடுங்கள். ரெசினும் மெட் எனப்படும் பைபர் இழைப் பாயும் நல்ல பிளைவுட்டும் கீழிருந்துதான் வர வேண்டும். ஹட்டன் கடைகளில் சிறு டப்பாவாக வாங்கினால் பணம் கரைந்துவிடும்.

எந்த மாதத்தில் தொடங்குவது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும், கடைசியாகத்தான் கேட்கிறார்கள்.

ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் படகைத் திறந்தால் உலர்த்தவே முடியாது. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரைதான் வேலைக்காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் கணக்கு தலைகீழ். அங்கே ஆண்டு முடிவில் வடகிழக்கு மழை. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்த காலம். ஒரே மலையின் இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் ஒரே நாட்காட்டியை வைத்து வேலை செய்ய முடியாது.

ஆனால் நுவரெலியாவில் ஒரு சிக்கல். மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரி மாதங்களில்தான் புல்லின் மேல் உறைபனி படிகிறது. காய்ந்த காலம் வேண்டும் என்றால் குளிரையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். மரம் காய்வதற்கு அது தடையல்ல, ரெசின் இறுகுவதற்குத்தான் தடை. ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள்: வெட்டுவது, சுரண்டுவது, உலர்த்துவது எல்லாம் எந்நேரமும் செய்யலாம், ரெசின் வேலையை முற்பகல் பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில் முடித்துவிடுங்கள்.

படகை எங்கே, எப்படி வைத்து உலர்த்துவது?

கூரைத் தகரம் போட்ட கொட்டகை, பக்கங்கள் திறந்தபடி. பழைய தேயிலைச் சாக்குகளை மேலே போட்டு மூட வேண்டாம். அவை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, ஓர் அடி உயர்த்தி வைத்தால் தண்ணீர் தானே பின்னால் வடியும். தரைப்பலகையைக் கழற்றாமல் எத்தனை மாதம் வைத்தாலும் அடியில் உள்ள ஈரம் போகாது. விறகு மூட்டி உலர்த்துவதும் மண்ணெண்ணெய் அடுப்பை உள்ளே வைப்பதும் வேண்டாம். எரியும்போது அவையே நீராவியை வெளியிடுகின்றன, தீ அபாயம் வேறு. காற்றாடி ஒன்று போதும்.

வெட்டத் தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

ஓட்டுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். தரையையும் நெடுங்கட்டைகளையும் எடுத்துவிட்டால் ஓடு தளர்ந்துவிடும். அந்த நிலையில் புதுக்கட்டையை ஒட்டினால் ஓடு எந்தக் கோணலில் இருந்ததோ அந்தக் கோணலிலேயே நிரந்தரமாக நிற்கும். பிறகு படகு நேராக ஓடாது. ஏன் என்று யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாது. ஓட்டின் வளைவுக்கு ஏற்ப வெட்டிய பலகைகளை அடியில் மூன்று நான்கு இடங்களில் வைத்து, பக்கவாட்டு விளிம்புகளுக்கு இடையே குறுக்குக் கம்பு அடித்துவிட்டுத்தான் கிரைண்டரைத் தொட வேண்டும். நெடுங்கட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்க ஆசை வரும், வேண்டாம்.

பழைய கட்டை எங்கே இருந்தது, எவ்வளவு உயரம், பின்பலகை எந்தச் சாய்வில் நின்றது என்பதை எல்லாம் அளந்து சுவரில் எழுதி வையுங்கள். பின்பலகை நேர்குத்தாக நிற்பதில்லை. வழக்கமாக 12 முதல் 14 பாகை வரை பின்னால் சாய்ந்திருக்கும்.

பைபர் தூசு உடலில் பட்டால் அரிக்கும், நுரையீரலுக்குள் போனால் கேடு. துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்கிற பாஸ்மார் நிறையப் பேர் உண்டு. அந்தத் துணி மனச்சமாதானத்துக்குத்தான். தூசு வடிகட்டி பொருத்திய முகமூடியும் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். வேலை முடிந்து குளிர்ந்த தண்ணீரில் குளியுங்கள்; வெந்நீரில் குளித்தால் தோலின் துளைகள் திறந்து அரிப்பு கூடும் என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள்.

எந்த மரம் வாங்குவது? தோட்டத்திலேயே வெட்டிய மரம் இருக்கிறது.

தோட்டத்து சில்வர் ஓக்கும் யூகலிப்டஸும் விறகுக்கும் தளபாடத்துக்கும் ஆகும். பச்சையாக வெட்டியதைப் பைபருக்குள் பொதிந்தால், காயும்போது சுருங்கிப் பைபரை விட்டுக் கழன்றுவிடும். உள்ளே அடைபட்ட ஈரமே அதை உக்கவும் வைக்கும். மரத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரமானி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

பின்பலகைக்கும் தரைக்கும் மரைன் பிளைவுட். இரண்டு 18 மில்லிமீற்றர் பலகைகளை ஒட்டினால் ஒன்றரை அங்குலத்துக்கு நெருங்கிவிடும். முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு துண்டை வெட்டிச் சில மணி நேரம் கொதிக்க வையுங்கள். அடுக்குகள் பிரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். அதனால் சோதனை சற்று இலகுவாகிவிடுகிறது, இன்னும் ஒரு மணி நேரம் கூட்டி வையுங்கள். வெட்டு முகத்தில் இடைவெளிகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். உள்ளடுக்கில் பொந்து இருந்தால் தண்ணீர் அதன் வழியாகத்தான் பயணம் செய்யும்.

நெடுங்கட்டைகளுக்கு முடிச்சில்லாத, நன்றாகக் காய்ந்த பலகை போதும். தேக்கு வேண்டாம். அதன் எண்ணெய்ப் பசையில் ரெசின் சரியாக ஒட்டாது, காசும் வீண்.

பொலியெஸ்டர் ரெசினா, இப்பொக்சியா?

பழைய படகு கட்டப்பட்டது பொலியெஸ்டரால். புதிதாகக் கட்டும்போது அது நன்றாக வேலை செய்யும். ஆனால் காய்ந்து வருடக்கணக்கான பைபரின் மேலும், மரத்தின் மேலும் ஒட்டுவதில் இப்பொக்சிதான் பலம். விலை பல மடங்கு என்பதால் பெரும்பாலானோர் பொலியெஸ்டரையே எடுக்கிறார்கள். பழைய பைபரை நன்றாகக் கிரைண்ட் செய்து, அசெற்றோனால் துடைத்துவிட்டு ஒட்டினால் அதுவும் நிற்கும். கையில் காசு கொஞ்சம்தான் என்றால் இப்பொக்சியைப் பின்பலகைக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

இரண்டையும் கலந்து பயன்படுத்துகிறவர்கள் வரிசையை மாற்றக்கூடாது. பொலியெஸ்டரின் மேல் இப்பொக்சி ஒட்டும். இப்பொக்சியின் மேல் பொலியெஸ்டர் நம்பகமாக ஒட்டாது.

சாதாரண பைபர் மெட்டின் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை, பொலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். இப்பொக்சியில் கரையாது, மெட் விறைப்பாகவே நிற்கும். ஆகவே இப்பொக்சிக்கு நெய்த துணியோ, தைத்த துணியோ வாங்குங்கள். பொலியெஸ்டருக்குச் சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள மெட் என்றால், ஒரு சதுர மீற்றருக்கு ஒரு கிலோ ரெசின் அளவுக்குப் போகும். ஓர் அடுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்புத் தரும்.

குளிரில் இறுகிய இப்பொக்சியின் மேல் மெழுகு போன்ற ஒரு படலம் வரும். மூடுபனி நாளில் கட்டாயம் வரும். அடுத்த பூச்சுக்கு முன் தண்ணீரால் கழுவித் தேய்க்க வேண்டும். அசெற்றோனால் துடைத்தால் போகாது.

குளிர் என்பதால் ஹார்ட்னரைக் கூட்டிப் போடலாமா?

ஹார்ட்னர் என்பது ரெசினை இறுக வைக்கக் கலக்கும் திரவம். பொலியெஸ்டருக்குக் கொஞ்சம் கூட்டலாம், அளவுக்குள். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர் என்பதே எல்லை. அதற்கு மேல் போட்டால் வேகமாகச் சூடாகி, நொறுங்கும் பைபர்தான் கிடைக்கும். 10 மில்லிலீற்றருக்குக் கீழே போனால் பல வாரம் கழித்தும் பிசுபிசுக்கும். இப்பொக்சிக்கோ இந்தச் சலுகையே இல்லை. அதில் இரண்டு திரவங்களும் சேர்ந்துதான் பிளாஸ்டிக்காகின்றன; விகிதம் மாறினால் மீதியான திரவம் உள்ளேயே கிடக்கும். குளிருக்கென்று விற்கும் வேகமான ஹார்ட்னரைக் கேட்டு வாங்குங்கள்.

ஹார்ட்னரைக் கூட்டுவதைவிட ரெசினைச் சூடாக்குவதே மேல். டின்னை மூடியோடு, கை தாங்கும் வெந்நீர் வாளிக்குள் அரை மணி நேரம் வையுங்கள். அடுப்பில் வைக்கக்கூடாது. பலகையை முற்பகல் வெயிலில் போட்டுச் சூடேற்றி, பின் நிழலுக்குக் கொண்டுவந்து பூசுங்கள். ஆறும் மரம் ரெசினை உள்ளே இழுக்கும். சூடேறும் மரம் காற்றை வெளியே தள்ளிக் குமிழிகளை உண்டாக்கும். 15 பாகைக்குக் கீழே பொலியெஸ்டர் வேலையே தொடங்க வேண்டாம்.

எச்சரிக்கை ஒன்று. பொலியெஸ்டர் ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். ஊற்றும்போது கண்ணாடி கட்டாயம், பக்கத்தில் ஒரு வாளி சுத்தமான தண்ணீரும் கட்டாயம். ரெசின் வேகமாக இறுகுவதற்கெனத் தனியாக விற்கும் கோபால்ட் திரவத்தை ஹார்ட்னரோடு நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கிய பின்னரே மற்றது.

பின்பலகையை எப்படிப் பொருத்துவது?

உட்பக்கமாக வெட்டி எடுப்பதே சிறந்தது, வெளித்தோல் அப்படியே மிஞ்சும். உக்கிய மரத்தை உளியால் சுரண்டி, வெளித்தோலின் உள்முகம் வெண்மையாக வரும்வரை தேய்க்க வேண்டும். காகிதத்தில் மாதிரி வெட்டி, பிறகே பலகையை அறுங்கள். பலகையின் எல்லா முகங்களிலும், குறிப்பாக வெட்டு விளிம்புகளில், ரெசின் குடிக்கும் மட்டும் பூசுங்கள். விளிம்பு என்பது வைக்கோற்கட்டை நுனியில் நிறுத்தியது போல; நீர் அங்கேதான் ஏறும்.

ஒட்டும்போது பலகைக்கும் தோலுக்கும் இடையே காற்றுப் பொந்து இருக்கக்கூடாது. கெட்டியாக்கிய ரெசின் பசையைப் பல்லுள்ள கரண்டியால் இழுத்துப் பூசி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பிடிகளை (கிளாம்ப்) இறுக்குங்கள். நாலு பக்கமும் பசை பிதுங்கி வெளியே வர வேண்டும். வராத பக்கத்தில் பொந்து இருக்கிறது. மிகையாக இறுக்கினால் பசை முழுவதும் வெளியேறி உலர்ந்த ஒட்டாகிவிடும்.

மூலைகளைச் செங்குத்தாக விடாமல், கெட்டிப் பசையால் உருண்டை வளைவாக நிரப்பி, அதன் மேல் பைபரைப் பக்கச் சுவர்களிலும் அடியிலும் சில அங்குலம் ஏறும்படி அடுக்கடுக்காக ஒட்டுங்கள். ஒவ்வோர் அடுக்கும் முந்தியதைவிட அகலமாக இருக்கட்டும்.

தரைக்கு அடியில் இருக்கும் மஞ்சள் நுரையை என்ன செய்வது?

பிடுங்குங்கள். தூக்கிப் பார்த்தால் பாரம் தெரியும். புதியதாக இருந்தபோது தண்ணீர் குடிக்காத நுரைதான், வருடக்கணக்கில் ஈரத்தில் ஊறி ஊறிக் குடிக்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் எதுவும் போடாமல் மூடிவிடாதீர்கள். படகு நீரில் நிறைந்தாலும் மூழ்காமல் நிற்பது அந்த நுரையால்தான். புதிய நுரையைப் போடும்போது அடியில் தண்ணீர் வடிய வாய்க்கால் விடுங்கள்.

திருத்திய படகு மறுபடி உக்குவது எதனால்?

ஆணித்துளைகளால். புதுப்பலகையில் போல்ட்டுக்குத் துளை போட்டு, கொஞ்சம் சிலிக்கன் பிதுக்கி, இறுக்கிவிடுகிறார்கள். சிலிக்கன் சில வருடத்தில் கைவிடும். முறையான வழி வேறு: தேவையானதைவிடப் பெரிய துளை போட்டு, அதைக் கெட்டி இப்பொக்சியால் முழுதாக அடைத்து, இறுகிய பின் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். அப்போது போல்ட் மரத்தைத் தொடவே தொடாது. இருக்கை, கைப்பிடி, தண்ணீர் வடியும் துளை என ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்ய வேண்டும். சலிப்பான வேலை. முழுத் திருத்த வேலையிலும் இதற்கு ஈடான பயன் தரும் வேலை வேறில்லை.

படகு புதுசாகிவிட்டது, என்ஜின் மட்டும் இழுக்கவில்லை. என்ஜினும் போய்விட்டதா?

உயரம் காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு 300 மீற்றர் ஏற்றத்துக்கும் சாதாரண பெற்றோல் என்ஜின் ஏறத்தாழ 3 சதவீத பலத்தை இழக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். 40 குதிரைவலு என்ஜின் அங்கே 33 அளவில்தான் தரும். கடலோரத்தில் சரியாக இருந்த சுழல்விசிறி இங்கே அதிகப் பாரம். பிட்ச், அதாவது விசிறி ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், ஒன்றிரண்டு அங்குலம் குறைந்த விசிறியைப் போட்டால் என்ஜின் மூச்சு விடும். கார்புரேட்டர் என்றால் காற்றுக் குறைந்து கலவையில் பெற்றோலும் கூடிவிடும், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மறுபடி தாழ்வான இடத்துக்குக் கொண்டுபோனால் பழையபடி மாற்றிவிட வேண்டும்.

எங்கே இறக்குவது?

நீர்த்தேக்கங்களில் முதலில் அனுமதி. அணையை நிர்வகிக்கும் அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். காசல்ரீயில் நீர்விமானம் இறங்குவதும் உண்டு என்பதால் எல்லா இடத்திலும் இஷ்டம்போல் ஓட முடியாது.

மவுஸ்ஸாகலையில் நீர்மட்டத்தைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். 1969இல் அணை முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. கடும் வறட்சியில் கோயில், பள்ளிவாசல் எச்சங்கள் வெளியே தெரியும். அவை முழுதாகத் தெரியும் நாளில் ஆபத்தில்லை. நீருக்கு ஓர் அடி கீழே நிற்கும் நாளில்தான் சுழல்விசிறி போகும், சிலவேளை அடிப்பாகமும் போகும். புது மட்டத்தில் முதல்முறை ஓடும்போது மெதுவாக ஓடுங்கள், பாதுகாப்பு அங்கியோடு.

ஓடி முடித்த பின் படகை எப்படி வைப்பது?

அணியம் உயர்ந்து, வடிகாற்துளையின் அடைப்பு கழற்றியபடி. அடைப்பைத் தொலைக்காமலிருக்க ஸ்டியரிங்கில் கட்டி வையுங்கள். அடுத்தமுறை அதை மறந்து படகை இறக்கிவிட்டு, கால் நனைந்த பிறகு தேடுகிறவர்கள் எல்லா வாவியிலும் உண்டு. தறப்பாளை நடுவில் கம்பு கொடுத்துக் கூடாரம்போல் உயர்த்தி, இரு முனையையும் திறந்துவிடுங்கள். பருவமழைக்கு முன் ஒருதடவை, பின் ஒருதடவை, அந்தச் சுத்தியல் பிடியால் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்.